நூலுக்கு இருபது ரூபாய்

"எல்லாம் யூடியூப் பார்த்துக் கத்துக்கிட்டதுதான்."

நான் தைத்த பர்ஸையோ பெல்ட்டையோ திருப்பிப் பார்த்துவிட்டு, எங்கே கற்றீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் இதையே சொல்லி வந்திருக்கிறேன். கேட்டவர்களுக்கும் பிடித்த பதில் இது. தானாகக் கற்றவன் என்றால் ஒரு படி மரியாதை கூடுகிறது. இந்தப் பதிலில் கால் பங்கு உண்மை. மீதி முக்கால் பங்குக்கு உரியவர் எங்கள் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில், டிரான்ஸ்ஃபார்மருக்கு எதிரே, பழைய பிளெக்ஸ் பேனரைக் கூரையாகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். செருப்பு தைப்பவர். அவர் பெயரை இங்கே எழுதவில்லை, அனுமதி கேட்கவில்லை. கேட்கப் போனால் எதற்கு என்று சொல்லவேண்டியிருக்கும்.

அந்தக் கால் பங்கு உண்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் கூச்சம் குறைவு. 2020 ஊரடங்கில் வீட்டோடு அடைந்து கிடந்தபோது தோல் வேலை வீடியோக்களில் விழுந்தேன். ஜப்பானில் ஒருவர், கொரியாவில் ஒருவர், டெக்சாஸில் ஒருவர். யாரும் வாய் திறப்பதில்லை. கத்தி தோலில் இறங்கும் சத்தம், நூல் இழுபடும் சத்தம், மரக்கட்டையால் ஓரத்தைத் தேய்க்கும் சத்தம், அவ்வளவுதான். பின்னால் சுவர் முழுக்கக் கருவிகள் உயர வரிசையில் தொங்கும். அந்த வீடியோக்களில் யாருக்கும் வியர்ப்பதில்லை. எனக்கு அந்த மேஜை வேண்டும் என்று தோன்றியது. தோல் வேலை வேண்டும் என்று தோன்றியதா என்பது இப்போதும் சந்தேகம்தான்.

மேஜையைக் காசு கொடுத்து வாங்க முடியும், வாங்கினேன். 4 மில்லிமீட்டர் இடைவெளியில் பல்வரிசை கொண்ட ஜப்பானியத் துளைப்பான், 0.8 மில்லிமீட்டர் கனத்தில் மெழுகு ஏற்றிய ஜெர்மன் டைகர் நூல், ஓரம் சீவும் சின்ன உளி, ஓரத்தைத் தேய்க்க ஒரு மரக்கட்டை, தைக்கும்போது தோலைக் கவ்விப் பிடிக்க ஒரு கவ்வி. சிலவற்றுக்குச் சுங்கவரியும் கூரியரும் சேர்ந்து பொருளின் விலையைத் தாண்டின. கைத்தையல் பற்றி ஆல் ஸ்டோல்மன் எழுதிய புத்தகம்கூட வந்து சேர்ந்தது. வராமல் இருந்தது தோல் மட்டும்தான். உள்ளங்கை அகலத் தோல்கூடக் கையில் இல்லாமல் ஒரு பட்டறைக்குச் சொந்தக்காரனாகியிருந்தேன்.

இந்தப் பொழுதுபோக்கில் நுழைய நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். பொருள் வாங்கும்போதே வேலை செய்துவிட்ட திருப்தி வந்துவிடும். உண்மையில் தேவைப்படுவது கூரான ஒரு கத்தி, மொண்ணை முனை ஊசி இரண்டு, ஒரு குத்தூசி, நூல், தேன்மெழுகு, இரும்பு ஸ்கேல். தையல் கோடு போட ஒரு டிவைடர். அது பள்ளிக்கூட ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது. துளை இடைவெளியைக் குறிக்கச் சாப்பாட்டு முள்கரண்டி போதும். இதெல்லாம் எனக்குத் தெரியவந்தபோது வங்கிக் கணக்கு மெலிந்திருந்தது.

முதல் தோலையும் ஆன்லைனில்தான் வாங்கினேன். அசல் தோல் என்று போட்டிருந்தார்கள், அசல்தான். கையில் எடுத்தால் துவண்டு விழுந்தது. ஓரத்தைத் தண்ணீர் தொட்டு எவ்வளவு தேய்த்தாலும் பிசிறு அடங்கவில்லை. முத்திரை அடித்தால் மறுநாள் காலையில் முத்திரையைக் காணோம். அது குரோம் தோல் என்பது எனக்குத் தெரியவில்லை. பதனிடுவதில் இரண்டு வழி பெருவழக்கு. ஒன்று மரப்பட்டை, காய் இவற்றின் துவர்ப்புச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறப்போடுவது. இன்னொன்று குரோமிய உப்பில் ஒரே நாளில் முடிப்பது. நாம் போடும் ஷூ, மாட்டும் ஜாக்கெட் பெரும்பாலும் இரண்டாவது வகை. மெத்தென்றிருக்கும், தண்ணீருக்கு அஞ்சாது. ஆனால் வீடியோக்காரர்கள் ஓரத்தைக் கண்ணாடியாகத் தேய்த்ததும் பூ வேலை செதுக்கியதும் பட்டையில் பதனிட்ட தோலில். அந்த வித்தியாசம் தெரியாமல் ஒரு மாதம் அந்தத் தோலோடு மல்லுக்கட்டிவிட்டுப் பெரியமேட்டுக்குப் போனேன்.

அதுவரை பெரியமேடு எனக்கு சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் வரும் நெரிசல், அவ்வளவுதான். சிடன்ஹாம்ஸ் சாலையிலும் அதைச் சுற்றியுள்ள சந்துகளிலும் தோல் கடைகள். சுருட்டிச் சாத்திய தோல்கள், அடுக்கிய தோல்கள், ஆணியில் தொங்கும் தோல்கள். நுழைந்தவுடனே கடைக்காரர் கேட்ட கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லை. "அப்பரா, லைனிங்கா, சோலா? எத்தனை எம்.எம்.?" பர்ஸ் செய்ய என்றேன். "எத்தனை ஆயிரம் பீஸ்?" என்றார். ஒன்று என்று சொல்ல வாய் வரவில்லை. சாம்பிள் என்று சொல்லிச் சமாளித்தேன். அந்தக் கடைத்தெருவில் சாம்பிள் என்ற சொல்லுக்கு நல்ல மதிப்பு உண்டு.

கடைக்கார பாய் பொறுமைசாலி. ஒவ்வொரு தோலின் பின்பக்கத்திலும் எழுதியிருந்த எண்ணை வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். 22 என்று எழுதி அதன் தலையில் சின்னதாக 3 போட்டிருந்தால் இருபத்திரண்டே முக்கால் சதுர அடி. முழுத் தோலாகத்தான் விற்பார்கள், வேண்டிய அளவு வெட்டித் தரமாட்டார்கள். சின்ன அளவில் வேண்டுமென்றால் வெட்டுத்துண்டு, அது கிலோ கணக்கு. ஏற்றுமதி ஆர்டரில் மிஞ்சியது அவ்வப்போது வரும், இன்று பார்த்தது நாளைக்கு இருக்காது. பர்ஸுக்கு 1 எம்.எம். பக்கம் போதும், பெல்ட்டுக்கு 3, 4 வேண்டும். வெட்டிய ஓரத்தைப் பார்த்து வகை கண்டுபிடிப்பது, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பது (பட்டைத் தோல் சட்டென்று குடித்துக் கறுக்கும்), ஓரத் துணுக்கைக் கொளுத்திப் பார்ப்பது (குரோம் தோலின் சாம்பல் பச்சையடிக்கும்) எல்லாம் அவர் சொன்னதுதான். அவரைப் பற்றி எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். "பெரியமேட்டுல நமக்கு ஒரு பாய் இருக்காரு" என்று சொல்வதில் எனக்கு ஒரு பெருமைகூட உண்டு. இதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எருமைத் தோல் ஒன்றை ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா மூக்கைச் சுளித்து, என்னடா அது என்றாள். ரெக்சின் என்றேன். யோசிக்காமல் வந்த பொய். நாற்பதைத் தாண்டிய மனிதன், சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய பொருளை அம்மாவிடம் ரெக்சின் என்று சொல்லி மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஒளித்துவைத்தேன். ஐப்பசி மழையில் பூசணம் பூத்துப் பாதித் தோல் வீணானது. வீட்டுக் கூடத்தில் பூஜை அலமாரியை ஒட்டித் தங்கை மகனின் மிருதங்கம் நிற்கிறது. பசு, ஆடு, எருமை மூன்றின் தோலும் அதில் இருக்கிறது. சரஸ்வதி பூஜையன்று அதற்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம்.

தோல் கைக்கு வந்தபின் தைக்க வேண்டுமே. வீடியோக்களில் போடுவது குதிரைச் சேணத் தையல். ஒரே நூல், இரு முனையிலும் ஊசி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போகும். எங்காவது ஒரு தையல் அறுந்தாலும் மற்றவை பிடித்துக்கொண்டிருக்கும். கேட்க எளிது. நான் தைத்ததில் முன்பக்கம் நேராகவும் பின்பக்கம் ஏறுமாறாகவும் வந்தது. மடிப்பில் தோலைச் சீவி மெலிதாக்கப் போனால் கிழிந்தது, சீவாமல் விட்டால் பர்ஸ் மூடவில்லை. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வீடியோவில் கை தெரிகிறது, கையின் அழுத்தம் தெரிவதில்லை. கடைசியில் அந்தப் பர்ஸைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்குப் போனேன்.

என்னைவிட இருபது வயதாவது மூத்தவர் அவர். "என்னப்பா, இதைக் கொஞ்சம் பார்க்க முடியுமா?" என்றேன். பெரியமேட்டில் என் வயதுக் கடைக்காரரை வார்த்தைக்கு வார்த்தை பாய், பாய் என்று அழைத்துவிட்டு வந்த அதே வாய். நண்பர் ஒருவர் தைத்தது என்று வேறு சொன்னேன். அவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேரே பின்பக்கத்தைத் திருப்பினார். விரலை ஓட்டினார்.

"உங்க ஃப்ரெண்டு கத்தியைத் தீட்ட மாட்டாரா சார்?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் ஜப்பானியக் கத்தியைக் கொண்டுபோனேன். நல்ல இரும்பு என்று ஒப்புக்கொண்டார். தீட்டவே இல்லையே என்றார். புதிதாக வாங்கிய கத்தி கூராகத்தான் இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அவருடைய கத்தி ஆக்ஸா பிளேடை உடைத்துத் தேய்த்துச் செய்தது, கைப்பிடிக்குத் துணி சுற்றியிருக்கும். கல்லில் தீட்டி, பிறகு ஒரு பழைய தோல் துண்டில் முன்னும் பின்னும் இழுத்து, முழங்கை மயிரை மழித்துக் காட்டினார். பிறகு ஒரு கிரானைட் துண்டின் மேல் தோலை வைத்து ஓரத்தைச் சீவினார். தாள் கனத்துக்கு, ஒரே இழுப்பில், ரிப்பனாகச் சுருண்டு வந்தது. "கத்தி படுத்துக்கிட்டுப் போகணும் சார். நின்னா கடிச்சிடும்."

அவர் சின்ன வயதில் பெரியமேட்டுப் பின்சந்து ஒன்றில் ஷூ செய்யும் பட்டறையில் வேலை பார்த்தவர். கால் அளவெடுத்து, அச்சு போட்டு, முழு ஷூவையும் கையால் செய்வார்களாம். இப்போது அவரிடம் வருவது ரப்பர் செருப்பும் ஸ்கூல் பை ஜிப்பும்தான். தோல் பற்றிப் பேச ஆள் கிடைத்ததில் அவருக்கும் மகிழ்ச்சி என்று நினைக்கிறேன். அல்லது அப்படி நினைப்பது எனக்கு வசதி.

அவரிடம் கற்றதில் பாதி விரலில் இருக்கிறது, எழுத வராது. மீதியைச் சொல்கிறேன். தோலை வாங்கியவுடன் இழுத்துப் பார்க்க வேண்டும். முதுகுப் பக்கம் இறுக்கம், வயிற்றுப் பக்கம் இளக்கம், கழுத்தில் சுருக்கம். வார் எடுப்பதானால் முதுகெலும்பின் போக்கிலேயே எடுக்க வேண்டும். "வயித்துல எடுத்தீங்கன்னா ஆறு மாசத்துல பெல்ட்டு ஒரு சாண் வளந்துடும்." குத்தூசியை ஒவ்வொரு குத்துக்கும் மெழுகில் குத்தி எடுக்க வேண்டும். தோலுக்குப் பின்னால் ஒரு விரல் இருக்க வேண்டும். ஊசி எங்கே வெளிவரப் போகிறது என்று அந்த விரலுக்கு முன்கூட்டியே தெரியும். குத்துப்படாமல் அதைக் கற்க வழியில்லை, எனக்குத் தழும்பு இருக்கிறது. ஓரம் மினுங்க நான் வரவழைத்திருந்த வெளிநாட்டுப் பிசினை முகர்ந்து பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். தண்ணீர், தேன்மெழுகு, பழைய வேட்டித் துணி. சூடேறும்வரை தேய்த்தார், மினுங்கியது.

பொருள்களும் அவர் கைகாட்டிய இடத்தில்தான் கிடைத்தன. பக்கிள், ரிவெட், ஐலெட், நூல், சொல்யூஷன் எல்லாம் கிரைண்டரிக் கடையில் இருக்கின்றன. செருப்புத் தொழிலுக்கான உதிரிச் சாமான் கடைக்கு அதுதான் பெயர். நான் கடல் கடந்து வரவழைத்தவற்றில் முக்கால்வாசி அங்கே அட்டைப்பெட்டிகளில் தூசு படிந்து கிடந்தன. தேன்மெழுகு நாட்டுமருந்துக் கடையில். கிரானைட் துண்டு, கட்டட வேலை நடக்கும் எந்தத் தெருவிலும்.

அவர் தைப்பது வேறு தையல். ஊசி முனையில் கொக்கி. மேலிருந்து குத்தி, அடியில் இருக்கும் நூலைக் கொக்கியில் மாட்டி மேலே இழுத்து, வந்த வளையத்துக்குள் நூல் முனையை விட்டு இறுக்குவார். நான் ஒரு தையல் போடும் நேரத்தில் அவர் ஏழெட்டுப் போடுவார். என் தையல் நெடுநாள் உழைக்கும் என்று நான் விளக்கினேன். கேட்டுக்கொண்டார். "உழைக்கும் சார். இப்படித் தெச்சா நான் ஒரு நாளைக்கு எத்தனை செருப்பு தெப்பேன்?" என்றார்.

ஒரு நாள் கேட்டார். "ஏன் சார், நீங்க போய் இதை?"

"சும்மாதான். டென்ஷன் குறையுது."

"எனக்கு இதாலதான் சார் டென்ஷனே" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

கற்றுக்கொடுத்ததற்கு அவர் காசு கேட்டதில்லை. நானும் கொடுத்ததில்லை. டீ வாங்கிக் கொடுப்பேன். அவ்வப்போது நூலும் வார்த்துண்டும் கொடுப்பார், வாங்கிக்கொள்வேன். ஆனால் வீட்டுச் செருப்பு அறுந்து தைக்கக் கொடுத்து அவர் முப்பது கேட்டால், இருபது போதும் என்று பேரம் பேசுவேன். இது ஏதோ மறதியில் நடந்ததாகச் சொல்ல முடியாது. ஒரே மனிதரிடம் ஒரே உட்காரலில் இரண்டையும் செய்திருக்கிறேன்.

கை கொஞ்சம் தேறியதும் சனிக்கிழமைகளில் பயிற்சிப் பட்டறை நடத்தத் தொடங்கினேன். ஒரு காபிக் கடையின் மாடியில், தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கி. பெரும்பாலும் என்னைப் போன்ற அலுவலக ஆட்கள். முதல் கால் மணி நேரம் நான் ஆற்றும் உரை அவர்களுக்கு மிகவும் பிடிக்கும். ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்டுத் தென்னிந்தியாவிலிருந்து கப்பலேறிய ஈஸ்ட் இந்தியா லெதரைப் பற்றிச் சொல்வேன், அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்ததையும் சொல்வேன். தோல் பதனிடுவதற்காகவே வாட்டில் மரங்களை நீலகிரியில் நட்ட கதை வரும். 1970-களில் அரை பதத் தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு போட்டதும், குரோம் பெருகியதும், பாலாறு கெட்டதும் வரும். 1996 ஆகஸ்டில் வேலூர் மக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று சொல்லித் தோல் தொழிற்சாலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்ததைச் சொல்வேன். 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து தொழிலாளர்கள் 10 பேர் இறந்ததைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவேன். அடையாறில் 1948-இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் வரும், அதன் இயக்குநராக இருந்து 1985 கனிஷ்கா விமான வெடிப்பில் உயிரிழந்த நாயுடம்மாவும் வருவார். திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளர்களைப் பற்றி டி. செல்வராஜ் எழுதிய, 2012-இல் சாகித்ய அகாதமி விருது பெற்ற 'தோல்' நாவலைக் கட்டாயம் படிக்கச் சொல்வேன்.

என் உரையில் இத்தனை பேர் வருகிறார்கள். பிறகு கிரானைட் துண்டை மேஜையில் வைத்து, ஆக்ஸா பிளேடில் செய்த கத்தியைக் காட்டி, "இது நம்ம ஊர்ப் பழைய முறை" என்பேன். பழைய முறை என்று சொல்லிவிட்டால் அது யாருடையது என்று எவரும் கேட்பதில்லை. படுத்துக்கிட்டுப் போகணும், நின்னா கடிச்சிடும் என்பதைக் கூட அப்படியே சொல்வேன். சிரிப்பார்கள். அது என் வசனம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஒருமுறை வகுப்புக்கு வந்த பெண்மணி ஒருவரும் அவர் கணவரும் என்னோடு பேருந்து நிறுத்தம் வரை நடந்து வந்தார்கள். செருப்பு தைப்பவருடைய இடத்தைக் கடக்கும்போது பேச்சை வேகமாக்கினேன். பலிக்கவில்லை.

"சார், அந்த பெல்ட்டு முடிச்சிட்டீங்களா? ஓரம் வந்துச்சா?"

கையாட்டிவிட்டு நடந்தேன். "தெரிஞ்சவரா?" என்று அந்தப் பெண்மணி கேட்டார். "செருப்பு தைக்கக் குடுப்பேன்" என்றேன். ஒரு பெல்ட்டின் ஓரம் வந்ததா என்று செருப்பு தைப்பவர் ஏன் விசாரிக்கிறார் என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னொரு பொய் தயாராக இருந்தது, அது என்னவென்றுகூட எனக்கு நினைவிருக்கிறது. வாடிக்கையாளருடைய பெல்ட் என்று சொல்லியிருப்பேன். தெரு இரைச்சலில் அவர் காதில் விழுந்திருக்காது என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கும் நாங்கள் நின்ற இடத்துக்கும் நடுவே பத்தடிகூட இல்லை.

அடுத்த முறை போனபோது எப்போதும்போலப் பேசினார். தோல் ஒட்டும்போது சொல்யூஷனை இரண்டு பக்கமும் தடவிக் காயவிட்ட பிறகே சேர்க்க வேண்டும், ஈரத்தில் சேர்த்தால் பிடிக்காது என்று சொல்லிக்கொடுத்தார். வழக்கம்போல ஒரு கண்டு நூல் எடுத்துக்கொண்டேன்.

"நூலுக்கு இருபது ரூபா சார்" என்றார்.

கொடுத்தேன். பேரம் பேசவில்லை. அன்றிலிருந்து எதை எடுத்தாலும் விலை சொல்கிறார். பாடத்துக்கு மட்டும் இன்னும் விலை சொல்லவில்லை. பெல்ட்டைப் பற்றி அதன்பின் அவர் கேட்டதே இல்லை.

2025 ஜூனில் பிராடா நிறுவனம் மிலானில் நடத்திய ஆடைக் காட்சியில் கோலாப்பூர் செருப்பை அச்சில் வார்த்தது போன்ற செருப்பைக் காட்டியது. மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் தலித் கைவினைஞர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் செருப்பு, 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. முதலில் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, கண்டனம் எழுந்த பிறகே நிறுவனம் ஒப்புக்கொண்டது. அந்த வாரம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அதிகம் கொதித்தவன் நான். நீளமான பதிவு. செய்தவனின் பெயரை அழிப்பதும் திருட்டுதான் என்று ஒரு வரி, அதற்கு நிறைய கைதட்டல் பொம்மைகள். போனை வைத்துவிட்டு அந்தச் சனிக்கிழமை வகுப்புக்கான அறிவிப்பை எழுதினேன். பயிற்றுநர்: தானாகக் கற்றுத் தேர்ந்தவர். இரண்டையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து எழுதினேன். அப்போது எதுவும் உறுத்தவில்லை. உறுத்தியது என்று இங்கே எழுதினால் கொஞ்சம் நல்லவனாகத் தெரிவேன். அதனால்தான் சொல்கிறேன், உறுத்தவில்லை. அந்த அறிவிப்பை மறுபடி ஒட்டும்போது, எழுத்துப்பிழை பார்க்கத்தான் படித்தேன். அப்போது கண்ணில் பட்டது.

ஏன் இப்படி என்று கேட்டுக்கொண்டால் பதிலுக்கு அலைய வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் சாதி பேசுவதில்லை. பேசவேண்டிய தேவை இல்லாதபடி எல்லாம் முன்பே அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. பெரியமேட்டுப் பாயைப் பெருமையாகச் சொல்ல முடிகிறது, அவர் வியாபாரி. டெக்சாஸ்காரரைக் குரு என்று சொல்ல முடிகிறது, அவர் தொடுவதும் மாட்டுத்தோல்தான், ஆனால் அவருடைய தாத்தா யாருக்குச் செருப்பு தைத்தார் என்பது எங்கள் தெருவுக்குத் தெரியாது. பேருந்து நிறுத்தத்தில் இருப்பவர் விஷயத்தில் எங்கள் தெருவுக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. அவரிடம் கற்றேன் என்று சொன்னால் நான் செய்வது கைவினை என்ற உயரத்திலிருந்து இறங்கிச் செருப்புத் தையலாகிவிடும் என்று பயந்தேன். கிழிந்த செருப்பை நீட்டும்போது வராத பயம், நன்றி சொல்லவேண்டிய இடத்தில் வந்தது. 'தோல்' நாவலைப் படித்து அழுதவன் நான். சுண்ணாம்புக் குழியில் நின்று கைகால் வெந்தவர்களுக்காக அழ முடிந்தது, அவர்கள் நாவலுக்குள் இருந்தார்கள்.

என் கையிலிருக்கும் தோல் வாடை சோப்புப் போட்டால் போய்விடுகிறது. அவருடைய மகன் மொபைல் கடையில் வேலை பார்க்கிறான். அப்பா என்ன செய்கிறார் என்று கடையில் கேட்டால் சொந்த பிசினஸ் என்று சொல்வானாம். இதை அவர்தான் சொன்னார், சிரித்துக்கொண்டே, மகனைக் குறை சொல்லாமல். அவன் மறைப்பதற்குக் காரணம் இருக்கிறது. அதே உண்மையை நான் மறைத்ததற்கு என்ன காரணம் சொல்வேன்? அவனுக்கு இழப்பதற்கு ஒரு வேலை இருக்கிறது. எனக்கு இருந்தது ஒரு சனிக்கிழமை மதியம்.

போன மாதம் துணிந்து அவரிடம் கேட்டேன். துணிந்து என்ற சொல் எனக்கு அதிகம்தான், இருக்கட்டும். நான் வகுப்பு எடுக்கிறேன், கத்தி தீட்டுவதையும் சீவுவதையும் நீங்கள் வந்து சொல்லிக்கொடுங்கள், வரும் கட்டணத்தில் பாதி உங்களுக்கு என்றேன். 'நீங்கள்' என்றேன். கவனித்தாரா தெரியவில்லை. கையில் இருந்த செருப்பின் கடைசித் தையலை இறுக்கி, நூலைக் கத்தியில் அறுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"வகுப்புன்னா... எத்தனை பேரு சார் வர்றாங்க?"

சொன்னேன். தலைக்கு எவ்வளவு என்று கேட்டார். அதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. மனசுக்குள் பெருக்கிப் பார்க்கிறார் என்று புரிந்தது.

"சனிக்கிழமைதான் சார் எனக்கு வேலை ஜாஸ்தி. ஸ்கூல் ஷூ எல்லாம் அன்னிக்குத்தான் வரும். செவ்வாய்க்கிழமைன்னா வரேன்."

செவ்வாய்க்கிழமை எல்லோருக்கும் அலுவலகம், யாரும் வரமாட்டார்கள் என்றேன். சரி சார் என்று அடுத்த செருப்பை எடுத்தார். திரும்பி நடக்கும்போது என் மனதில் வருத்தம் இல்லை, நிம்மதிதான் இருந்தது. அவரைக் காபிக் கடையின் படிகளில் ஏற்றிக்கொண்டு போய், இவரிடம்தான் கற்றேன் என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டியதில்லை. கேட்டுவிட்டேன், அவருக்குத்தான் நேரமில்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை காலை அவருக்கு வேலை குறைவு. அந்த நேரத்தில்தானே எனக்குக் கற்றுக்கொடுத்தார். வகுப்பை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்ற எனக்கு ஒரு போன் போதும். இன்னும் போடவில்லை.